கல்லமேட்டில் கிடைத்த ஒற்றைப் பல்: பறவையொத்த தொன்மாக்களும் தமிழ்நிலத்துப் பாறைகளும்

முன்னுரை

அரியலூர் என்னும் பெயர் மலேசியத் தமிழறிஞர்களுக்குப் புதியதன்று. முதலாம் இராசேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில்தான் உள்ளது. கடாரத்தின்மீது சென்ற சோழர் படையெடுப்பை ஆராய்வோர், பினாங்கிற்கு வடக்கே கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கையும் காவிரிக் கரையையும் இணைத்தே பேசுவர். அவ்விணைப்பு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பழமையானது. அதே அரியலூர் மண்ணில் மனிதகுலம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே எழுதப்பட்ட வேறொரு வரலாறும் புதைந்துள்ளது. அது கல்வெட்டில் எழுதப்பட்டதன்று. கல்லாகவே மாறிய எலும்பிலும் பல்லிலும் சிப்பியிலும் எழுதப்பட்டது.

2013ஆம் ஆண்டில் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ என்னும் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அரியலூர்ப் பகுதியைச் சேர்ந்த கல்லமேட்டுப் பாறையடுக்கில், பறவைகளுக்கு மிக நெருங்கிய உறவுடைய துரூடான் குடும்பத்துத் தொன்மா ஒன்றன் பல் கிடைத்துள்ளது என்பதே அதன் செய்தியாகும். அஞ்சலி கோசுவாமி, ஜி.வி.ஆர். பிரசாத், ஓம்கார் வர்மா, ஜான் ஃபிளின், ரோஜர் பென்சன் ஆகிய ஐவர் அதன் ஆசிரியர்கள். கிடைத்தது ஒரே ஒரு பல். அதுவும் மில்லிமீட்டரால் அளக்கத்தக்க அளவினது. ஆயினும் அதுவரை வடகோளக் கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்த ஒரு விலங்குக் குடும்பத்தின் பரவலெல்லையை அப்பல் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் விரிவாக்கியது.

அந்த ஒற்றைப் பல்லை நடுவாகக் கொண்டு, பறவையொத்த தொன்மாக்களின் உடலமைப்பையும், தமிழ்நிலத்துப் பாறைகள் அவ்வரலாற்றில் பெறும் இடத்தையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு சிறு சான்று எவ்வளவு பொருளைத் தாங்கும், எவ்வளவைத் தாங்காது என்னும் வினாவும் உடன் ஆராயப்படுகிறது. இவ்வினா இயற்கை அறிவியலுக்கு மட்டும் உரியதன்று. ஒரு பானையோட்டுக் கீறலையோ ஏட்டுச்சுவடியின் ஒற்றைப் பாடவேறுபாட்டையோ கொண்டு முடிவுகாண முனையும் தமிழாய்வாளர்க்கும் அது பொருந்துவதாகும்.

‘டைனோசர்’ என்னும் சொல்லுக்கு இக்கட்டுரையில் ‘தொன்மா’ என்னும் சொல் ஆளப்படுகிறது. தொன்மையான மா, அதாவது பழங்கால விலங்கு, என்பது அதன் பொருள். சிறப்புப் பெயர்கள் ஒலிபெயர்ப்பாகவே தரப்படுகின்றன.

அரியலூர்ப் பாறைகளும் அவற்றின் காலமும்

கிரீத்தேசியக் காலம் என்பது இன்றைக்கு 145 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற காலமாகும். அதன் பிற்பகுதியில் இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் பெரும்பரப்பைக் கடல் மூடியிருந்தது. காரைப் பகுதியின் ஓடைகளில் காணப்படும் அம்மோனைட்டுகளும், கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையில் செறிந்துள்ள சிப்பிகளும் அக்கடலின் எச்சங்களாகும். சிமெண்டு ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் இக்கடல்வாழ் உயிர்களின் ஓடுகளால் ஆகியதே.

கிரீத்தேசியக் காலம் முடிவுறும் தறுவாயில் கடல் பின்வாங்கியது. அவ்விடத்தில் ஆறுகள் மணலையும் களிமண்ணையும் கொண்டுவந்து குவித்தன. இவ்வாறு அமைந்த படிவே ‘கல்லமேட்டுப் பாறையடுக்கு’ எனப்படுகிறது. சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோயில், கல்லமேடு எனக் கீழிருந்து மேலாக அமையும் அரியலூர்த் தொகுதியில் இதுவே மேலடுக்கு. கீழடுக்குகளில் கடல்வாழ் உயிர்களே மிகுதி. கல்லமேட்டிலோ நிலத்திலும் நன்னீரிலும் வாழ்ந்த விலங்குகளின் எச்சங்கள் கிடைக்கின்றன. தொன்மாக்களின் இறுதிக் காலத்தைத் தமிழ்நிலத்தில் அறிய விழைவோர்க்கு இவ்வடுக்கு இன்றியமையாததாகிறது.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் உள்ள ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுடைய கல்மரமும் இப்பகுதியின் கிரீத்தேசியப் பாறைகளைச் சார்ந்ததே. 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் அதனை அறிவியல் உலகிற்கு அறிவித்தார்.

ஆய்வின் வரலாறு: கிடைத்தனவும் இழந்தனவும்

அரியலூர்ப் புதைபடிவங்கள் 1840களிலேயே ஐரோப்பியர் கவனத்தைப் பெற்றன. கேய், கன்லிஃப் ஆகிய இருவர் திரட்டிய கடல்வாழ் உயிர்ப் படிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். பின்னர் இந்திய நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த எச்.எஃப். பிளான்ஃபோர்ட் அன்றைய திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களின் பாறைகளை முறையாக ஆராய்ந்து வகைப்படுத்தினார். ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்கா அப்பாறைகளின் உயிர்ப்படிவங்களை விரிவாக விளக்கினார். 1879இல் ரிச்சர்ட் லைடெக்கர் இப்பகுதிப் பல் ஒன்றனை மெகலோசாரஸ் இனத்தது எனக் குறித்தார். 1929இல் சி.ஏ. மாட்லி திருச்சிராப்பள்ளி மாவட்டத் தொன்மாக்களைப் பற்றித் தனிக்கட்டுரை வெளியிட்டார்.

இவ்வரலாற்றில் வருந்தத்தக்க நிகழ்வு ஒன்றும் உண்டு. 1987இல் யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் கல்லமேட்டில் கிடைத்த பேருருவ எலும்புகளைப் ‘புருகத்காயோசாரஸ் மாட்லியி’ எனப் பெயரிட்டு வெளியிட்டனர். ‘பேருடல் கொண்ட பல்லி’ என்பது முதற்சொல்லின் பொருள். இரண்டாவது மாட்லியின் நினைவாக இடப்பட்டது. அதன் கணைக்கால் எலும்பு மட்டும் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுடையதாக அளக்கப்பட்டது. முதலில் ஊனுண்ணித் தொன்மா எனக் கருதப்பட்ட அவ்விலங்கு, பின்னர் நீண்ட கழுத்துடைய தாவரவுண்ணி வகையினதாகக் கொள்ளப்பட்டது. உலகில் வாழ்ந்த நிலவிலங்குகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்றாக அது இருந்திருக்கக்கூடும். ஆனால் அதனை இன்று சரிபார்க்க வழியில்லை. எளிதில் நொறுங்கும் நிலையிலிருந்த அவ்வெலும்புகள் சிதைந்து மறைந்தன. எஞ்சியவை அளவுகளும் வரைபடங்களும் ஒளிப்படங்களுமே. 2022இல் பாலும் அய்யாசாமியும் அதுவரை வெளிவராத சில ஒளிப்படங்களை வெளியிட்டபின் அவ்விலங்கைப் பற்றிய உரையாடல் மீண்டும் எழுந்தது; எலும்புகளோ மீளவில்லை.

மலையளவு எலும்பு அழிந்தது. தினையளவு பல் நிலைத்தது. சான்றின் பெருமை அதன் அளவில் இல்லை. அது பேணப்படுவதிலும் மீண்டும் மீண்டும் சோதிக்கத்தக்கதாக இருப்பதிலும்தான் உள்ளது.

பல்லால் பெயர்பெற்ற விலங்கு

துரூடான் என்னும் பெயரும் ஒரு பல்லிலிருந்தே பிறந்தது. 1856இல் அமெரிக்க அறிஞர் ஜோசப் லெய்டி, இன்றைய மொன்டானாப் பகுதியில் கிடைத்த ஒற்றைப் பல்லுக்கு ‘துரூடான் ஃபோர்மோசஸ்’ எனப் பெயரிட்டார். ‘காயப்படுத்தும் பல்’ என்பது முதற்சொல்லின் பொருள். லெய்டி அதனைப் பல்லியின் பல் என எண்ணினார். 1924இல் கில்மோர் அதனைத் தடித்த மண்டையோடுடைய தாவரவுண்ணித் தொன்மாவின் பல் என முடிவுசெய்தார். அதே 1924இல் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்போர்ன், மங்கோலியாவின் கோபிப் பாலைநிலத்தில் முந்தைய ஆண்டு எடுக்கப்பட்ட விலங்கு ஒன்றிற்கு ‘சாரோர்னிதாய்டீஸ்’, அதாவது ‘பறவை வடிவப் பல்லி’, எனப் பெயரிட்டார். கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிடைத்த மற்றொன்றிற்கு 1932இல் ஸ்டெர்ன்பெர்க் ‘ஸ்டெனோநிக்கோசாரஸ்’ எனப் பெயர் தந்தார். இவை யாவும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை என்பது அப்போது புலப்படவில்லை.

1987இல் பிலிப் கறி, தாடையையும் பல்லையும் ஒப்பிட்டு, லெய்டியின் துரூடானும் ஸ்டெனோநிக்கோசாரசும் ஒன்றே என வாதிட்டார். முப்பது ஆண்டுகள் அம்முடிவு நிலவியது. 2017இல் வெளிவந்த ஆய்வுகள் அதனை மறுபரிசீலனைக்கு உட்படுத்தின. ஓரினத்தைப் பிறவற்றினின்று வேறுபடுத்திக் காட்ட ஒற்றைப் பல் போதாது என்றும், ஆதலின் ஸ்டெனோநிக்கோசாரஸ் என்னும் பெயரே மீட்கப்படவேண்டும் என்றும் கூறப்பட்டது. குடும்பப் பெயர் மட்டும் வழக்கில் தொடர்கிறது. ஒரு பல்லைக் கொண்டு குடும்பத்தை அறியலாம். இனத்தை அறிதல் அரிது என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினையாகும்.

துரூடான் குடும்பத்தின் உடலமைப்பு

துரூடான் குடும்பத்து விலங்குகள் பெரும்பாலும் சிற்றுடலின. கோழியளவு முதல் மனிதரையொத்த எடையளவு வரை அவை வேறுபட்டன. இரு கால்களால் நடந்தன. அவற்றின் உடலமைப்பைத் தலை, தோள், கை, கால், உடற்போர்வை என்னும் வரிசையில் நோக்கலாம்.

தலை: உடலளவோடு ஒப்பிடுகையில் இவற்றின் மூளையறை பெரியது. பறவையல்லாத தொன்மாக்களுள் இவையே மிகப் பெரிய மூளை விகிதம் உடையனவற்றுள் அடங்கும். 1969இல் டேல் ரசல் ஸ்டெனோநிக்கோசாரசின் மண்டையோட்டை விவரித்தபோது இக்கூறு முதன்மைபெற்றது. கண்குழிகள் பெரியன, கண்கள் ஓரளவு முன்னோக்கியன. இரு கண்களின் பார்வைப் புலங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் தொலைவைக் கணித்தல் எளிதாகும். மங்கிய ஒளியில் இரைதேடும் விலங்காக இருந்திருக்கலாம் என்னும் கருத்து இதனால் எழுந்தது. ரசல் 1982இல் ஒரு படி மேலே சென்று, இவ்விலங்கு அழியாதிருந்தால் மனிதவடிவை அடைந்திருக்கும் எனக் கற்பனைச் சிலை ஒன்றனையும் அமைக்கச் செய்தார். அது கற்பனையே, மூளை பெரிதாக இருந்தமை சான்று. இரண்டையும் மாணவர்க்குப் பிரித்துக் காட்டுதல் வேண்டும்.

பல்: கீழ்த்தாடையில் பற்கள் எண்ணிக்கையில் மிகுந்தும் நெருங்கியும் அமைந்துள்ளன. ஒவ்வொரு பல்லும் சிறியது, பின்னோக்கி வளைந்தது, பல்லின் தலைப்பகுதியும் வேரும் சேருமிடத்தில் குறுகியது. பல இனங்களில் பின்விளிம்பில் கதிர் அரிவாளின் பற்களைப் போன்ற இரம்பமுனைகள் உள்ளன. பிற ஊனுண்ணித் தொன்மாக்களின் இரம்பமுனைகள் நுண்ணியனவாகவும் பலவாகவும் இருக்க, இவற்றின் முனைகள் பல்லின் அளவிற்குப் பெரியனவாகவும் பல்நுனியை நோக்கிக் கொக்கிபோல் வளைந்தனவாகவும் உள்ளன. மங்கோலியாவின் பைரோனோசாரஸ் போன்ற சில இனங்களில் இம்முனைகளே இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. எனவே, இரம்பமுனை இல்லாமை இக்குடும்பத்தை மறுப்பதாகாது; ஆனால் கொக்கி வடிவப் பெரிய முனை இருப்பது இக்குடும்பத்தை வலுவாகச் சுட்டும்.

தோளும் கையும்: கோழிக்கறி சமைப்போர் அதன் நெஞ்சில் கவைபோல் இருகிளையாகப் பிரிந்த ஓர் எலும்பைக் கண்டிருப்பர். இரு காறையெலும்புகள் இணைந்து உருவான இவ்வெலும்பு பறவைகளுக்கே உரியது என நெடுங்காலம் கருதப்பட்டது. இன்று பல ஊனுண்ணித் தொன்மாக்களிலும் அது கண்டறியப்பட்டுள்ளது. மணிக்கட்டில் பிறை வடிவ எலும்பு ஒன்று உள்ளது. இதன் உதவியால் கையைப் பக்கவாட்டில் மடக்க இயலும். பறவை தன் சிறகை உடலோடு ஒட்டி மடக்குவதும் இதே அமைப்பினால்தான்.

கால்: துரூடான் குடும்பத்தின் இரண்டாம் கால்விரலில் வளைந்த நகம் ஒன்று உண்டு. நடக்கும்போது அவ்விரல் தரையில் படாமல் உயர்த்திப் பிடிக்கப்பட்டது. வெலோசிராப்டர் உள்ளிட்ட உறவுக் குடும்பத்தில் இந்நகம் இன்னும் பெரியது. கணைக்காலுக்குக் கீழுள்ள பாத எலும்புகள் நீண்டு ஒடுங்கியிருப்பது விரைந்தோடும் இயல்பைக் காட்டும்.

உடற்போர்வையும் உறக்கமும்: சீனாவின் லியாவ்னிங் மாநிலத்துப் படிவுகள் நம் அறிவைப் பெரிதும் மாற்றின. 1996இல் அறிவிக்கப்பட்ட சினோசாரோப்டெரிக்ஸ், பறவையல்லாத தொன்மாவிலும் இறகையொத்த இழைகள் இருந்ததைக் காட்டியது. துரூடான் குடும்பத்தில் சேர்க்கப்படும் ஜின்ஃபெங்கோப்டெரிக்ஸ் இறகுச் சுவடுகளுடனே கிடைத்தது. 2004இல் சு சிங், மார்க் நோரெல் ஆகியோர் விவரித்த ‘மெய் லோங்’ இன்னும் வியப்பூட்டுவது. ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுடைய அவ்விலங்கு கால்களை மடக்கி, தலையைக் கையடியில் செருகி, வாலை உடலைச் சுற்றி வளைத்த நிலையிலேயே கல்லாகியுள்ளது. ‘அயர்ந்துறங்கும் டிராகன்’ எனப் பொருள்படுமாறு சீனமொழியில் அதற்குப் பெயரிடப்பட்டது. இரவில் கூண்டில் உறங்கும் கோழியின் நிலை இதுவே. உறங்கும் முறையும் மரபாக வந்தது என்பதற்கு இது அரிய சான்றாகும்.

முட்டை: மொன்டானாவில் துரூடானுக்கு உரியனவாகக் கொள்ளப்படும் முட்டைக் குவைகள் கிடைத்துள்ளன. 1997இல் டேவிட் வாரிக்கியோவும் அவர்தம் குழுவினரும், முட்டைகள் இரண்டிரண்டாக இடப்பட்டதையும், அவற்றின்மீது பெரிய விலங்கு அமர்ந்திருந்ததையும் எடுத்துக்காட்டினர். இணையாக இடுதல், இரு முட்டைக்குழல்களும் செயற்பட்டதைக் காட்டுகிறது. இன்றைய பறவைகளுள் பெரும்பாலானவற்றில் இடப்பக்கக் குழல் மட்டுமே செயற்படுகிறது. 2023இல் வெளிவந்த முட்டையோட்டு வேதியியல் ஆய்வு, ஓடு உருவான முறை ஊர்வனவற்றை ஒத்திருந்தது எனக் கூறுகிறது. அமர்தலில் பறவை, ஓடு உருவாக்கலில் ஊர்வன; இவ்விலங்கின் உடலில் பழையதும் புதியதும் ஒருங்கே வாழ்ந்தன.

பறவைகள் தொன்மாக்களின் வழித்தோன்றல்கள் என்னும் கருத்தை 1860களின் இறுதியில் தாமஸ் ஹக்ஸ்லி முன்வைத்தார். 1861இல் ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் பகுதியில் கிடைத்த ஆர்க்கியோப்டெரிக்ஸ் அதற்குத் தூண்டுதலாயிற்று. நெடுநாள் பின்தள்ளப்பட்ட அக்கருத்தை ஜான் ஆஸ்ட்ராம், 1969இல் டெய்னோனிக்கசை விவரித்தபின் மீட்டெடுத்தார். இன்று அது உறுதிபெற்ற கொள்கையாகும்.

கல்லமேட்டுப் பல் உரைப்பது

சிறு பற்களைக் கள ஆய்வில் கண்ணால் தேடிக் காண்பது கடினம். ஆதலின் களிமண்ணையும் மணலையும் பெருமளவில் எடுத்து, நீரில் ஊறவைத்து, நுண்கண் சல்லடையில் அலசி, எஞ்சுவதை உலர்த்தி, உருப்பெருக்கியின்கீழ் ஒவ்வொன்றாகப் பிரிப்பர். அரிசி களைந்து கல் நீக்கும் பணியை ஒத்தது இது; இங்கே வேண்டப்படுவது கல்.

கல்லமேட்டுப் பல்லின் பின்விளிம்பில் பெரிய, நுனிநோக்கி வளைந்த இரம்பமுனைகள் உள்ளன. ஆய்வாளர்கள் இவ்வடிவத்தைக் கண்ணால் ஒப்பிட்டதோடு நில்லாமல், பிற ஊனுண்ணித் தொன்மாக்களின் பல்லளவுகளோடும் ஒப்பிட்டு முடிவுகண்டனர். ஆயினும் அவர்கள் இப்பல்லுக்குப் புதிய இனப்பெயர் சூட்டவில்லை. ‘துரூடான் குடும்பத்தது’ என்னும் அளவிலேயே நிறுத்திக்கொண்டனர். லெய்டியின் துரூடானுக்கு நேர்ந்ததை நினைவுகூர்வோர் இத்தன்னடக்கத்தின் மதிப்பை உணர்வர். இவ்விலங்கின் இறகு, நிறம், உறக்கம், முட்டை ஆகியவற்றைப் பற்றி இப்பல் ஒன்றும் கூறாது. மொன்டானாவும் லியாவ்னிங்கும் கூறுவதை அரியலூருக்கு ஏற்றிச் சொல்வது உறவுமுறையால் பெறும் ஊகமே, நேர்ச்சான்று அன்று.

நிலம் நகர்ந்த கதை

இப்பல்லின் உண்மையான சிக்கல் இடம்பற்றியது. ஜுராசிக் காலத்தில் பாஞ்சேயா என்னும் பெருநிலம் வடக்கே லாரேசியா எனவும் தெற்கே கோண்டுவானா எனவும் பிரியத் தொடங்கியது. இந்தியா கோண்டுவானாவின் பகுதி. ஏறத்தாழ 88 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரினின்று பிரிந்து வடக்கு நோக்கி நகர்ந்தது. கல்லமேட்டு ஆறுகள் ஓடிய காலத்தில் இந்தியா பெருங்கடலால் சூழப்பட்டிருந்தது. துரூடான் குடும்பமோ அதுவரை வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா ஆகிய வடபுலங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்தது.

கல்லமேட்டின் பிற விலங்குகள் தென்புல உறவையே காட்டுகின்றன. 2001இல் விவரிக்கப்பட்ட ‘கூர்மதெமிஸ் கல்லமேடென்சிஸ்’ என்னும் ஆமை, மடகாஸ்கரின் கின்கோனிகெலிஸ் என்னும் ஆமைக்கு நெருங்கியது. மடகாஸ்கரின் சிமோசூக்கஸ் என்னும் முதலையினத்தை ஒத்த பற்களும் இவ்வடுக்கில் கிடைத்துள்ளன. இவற்றிடையே வடபுல விலங்கொன்று எவ்வாறு வந்தது? இரு விடைகள் உள்ளன. ஒன்று, கடல்கடந்தோ தீவுவழியாகவோ பிற்காலத்தில் வந்தேறியிருக்கலாம். மற்றொன்று, பாஞ்சேயா முற்றும் பிரிவதற்கு முன்பே இக்குடும்பம் எங்கும் பரவியிருந்து, தென்புலத்தில் அதன் எச்சங்கள் இதுவரை கிடைக்காதிருக்கலாம். அர்ஜென்டினாவின் உனென்லாகியா, மடகாஸ்கரின் ரகோனாவிஸ் ஆகிய பறவையொத்த விலங்குகள் 1990களில் தெற்கில் கண்டறியப்பட்டமை இரண்டாம் விடைக்குத் துணைநிற்கிறது. 2019இல் அமெரிக்காவின் ஜுராசிக் பாறையினின்று விவரிக்கப்பட்டு, துரூடான் குடும்பத்தில் வைக்கப்பட்ட ஹெஸ்பெரோர்னிதாய்டீசும் இக்குடும்பத்தின் தொன்மையை முன்னுக்குக் கொண்டுசெல்கிறது.

இவ்விடத்தில் தமிழறிஞர்கள் நன்கறிந்த ஒரு பெயரை எண்ணுதல் தகும். 1864இல் விலங்கியலார் பிலிப் ஸ்க்ளேட்டர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் உறவுடைய விலங்குகள் காணப்படுவதை விளக்க, இடையே அமிழ்ந்த கண்டம் ஒன்றை ஊகித்து அதற்கு ‘இலெமூரியா’ எனப் பெயரிட்டார். அரியலூர்ப் பாறைகளை ஆராய்ந்த அதே பிளான்ஃபோர்ட் 1875இல், இந்தியாவையும் தென்னாப்பிரிக்காவையும் இணைத்த பழங்கண்டம் ஒன்று இருந்தது என எழுதினார். அன்றைய நிலையில் அது நேர்மையான அறிவியல் ஊகமே. நிலம் அசையாது என்று கருதப்பட்ட காலத்தில் உறவுடைய விலங்குகள் இருகரையிலும் இருப்பதற்கு வேறு விளக்கம் காண்பது எளிதாக இல்லை. பின்னர்ப் புவித்தட்டு நகர்வுக் கொள்கை நிலைபெற்றபோது, அமிழ்ந்த கண்டத்திற்குத் தேவையில்லாது போயிற்று. இடையே இருந்த நிலம் மூழ்கவில்லை. இணைந்திருந்த நிலங்களே விலகின.

இலெமூரியாவைக் குமரிக்கண்டத்தோடு இணைத்துப் பேசும் வழக்கம் தமிழுலகில் வேரூன்றியுள்ளது. இறையனார் களவியலுரை முதலியன கூறும் கடல்கோள் மரபு தமிழர்தம் இலக்கிய நினைவின் பகுதி. அதனை இலக்கியமாகவும் பண்பாட்டு வரலாறாகவும் ஆராய்தல் தமிழியலின் கடமை. ஆனால் அதற்குச் சான்றாக இலெமூரியாவை இனி முன்வைத்தல் இயலாது. கல்லமேட்டு ஆமையும் பல்லும் பேசுவது 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்ட உலகை. மனித இனத்தின் வயதோ ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகளே. இதனை மாணவர்க்குக் கூறுவதால் தமிழின் பெருமை குறையாது. கைவிடப்பட்ட ஓர் ஊகத்தைவிட, கையில் எடுத்துச் சோதிக்கத்தக்க ஒரு பல் தமிழ்நிலத்திற்கு மெய்யான சிறப்பைத் தருகிறது.

மலேசியச் சூழலும் வகுப்பறையும்

பினாங்குத் தீவில் தொன்மாப் படிவம் கிடைக்குமா என மாணவர் வினவுவதுண்டு. பினாங்குக் கொடிமலை உள்ளிட்ட தீவின் மலைகள் கருங்கல்லால் ஆனவை. உருகிய பாறைக்குழம்பு நிலத்தடியில் இறுகியதே கருங்கல். அதில் உயிர்ப்படிவம் அமைய வழியில்லை. பெருநிலப் பகுதியான செபெராங் பிறை குவார் கெப்பாவில் 2017இல் கிடைத்த ‘பினாங்குப் பெண்’ எலும்புக்கூடு ஐயாயிரம் ஆண்டளவிற்கு உரியது. அது தொல்லியலின் எல்லை. தொன்மாக்களின் காலத்தோடு ஒப்பிட நேற்றைய நிகழ்வாகும்.

ஆயினும் மலேசியா தொன்மாக்கள் இல்லாத நாடன்று. மலாயாப் பல்கலைக்கழகத்தின் மசாதோஷி சோனேயும் ஜப்பானிய ஆய்வாளர்களும் 2012இல் பகாங் மாநிலத்தில் கண்டெடுத்த ஊனுண்ணித் தொன்மாப் பல், 2014 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. மீனுண்ணும் ஸ்பைனோசாரஸ் குடும்பத்ததான அப்பல் ஏறத்தாழ 23 மில்லிமீட்டர் நீளமுடையது. இங்கும் தொடக்கம் ஒரு பல்லே. படிவங்களைக் காக்கும்பொருட்டு இடத்தின் விவரம் அப்போது பொதுவில் வெளியிடப்படவில்லை.

இவ்வெச்சரிக்கைக்கு மறுதலையான நிகழ்வும் உண்டு. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் தோண்டியபோது வெளிப்பட்ட உருண்டைகள் ‘தொன்மா முட்டைகள்’ எனப் பரபரப்பாகப் பேசப்பட்டன. அவை முட்டைகள் அல்ல, கடற்படிவு உருண்டைகளே என வல்லுநர் விளக்கினர். உருண்டையானதெல்லாம் முட்டையன்று, ஓட்டின் நுண்ணமைப்பே சான்று. செய்தித்துணுக்கு ஒன்றை எவ்வாறு ஐயுற்று வாசிப்பது என்பதற்கு இது நல்ல பாடமாக அமையும்.

தமிழாசிரியர்க்கு இப்பொருள் மூன்று வகையில் பயன்தரும். முதலாவது, கலைச்சொல்லாக்கம். ‘புதைபடிவம்’, ‘தொல்லுயிரெச்சம்’, ‘பாறையடுக்கு’, ‘தொன்மா’ ஆகிய சொற்களின் பொருத்தத்தை மாணவரே ஆராயலாம். புதையாமல் பிசினுள் சிக்கிய பூச்சியைப் புதைபடிவம் எனலாமா என்னும் ஒரு வினாவே நல்ல உரையாடலைத் தோற்றுவிக்கும். இரண்டாவது, கட்டுரைப் பயிற்சி. ‘கிடைத்தது’, ‘இருந்திருக்கலாம்’, ‘எனக் கருதப்படுகிறது’ என்னும் வினைமுடிபுகள் வெவ்வேறு உறுதிநிலையை உணர்த்துவன. சான்றிற்கேற்ற வினைமுடிபைத் தேர்தலே ஆய்வு நடையின் உயிர். மூன்றாவது, கண்முன் உள்ளதைக் காணும் பழக்கம். சமையலறையில் கிடைக்கும் கோழியின் கவை எலும்பும், செதிலுடைய காலும் வகுப்பறைக்கு எளிதில் வரக்கூடியவை.

முடிவுரை

அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்கள் விரிந்துகொண்டு செல்கின்றன. வெட்டப்படும் பாறை சிமெண்டாகிக் கட்டடமாகிறது. அதனுள் இருந்த படிவம் மீளாது. மழை ஒவ்வோராண்டும் களிமண்ணை அரிக்கிறது. வாரணவாசியில் தமிழ்நாட்டரசு அமைத்துள்ள புதைபடிவ அருங்காட்சியகம் வரவேற்கத்தக்கது. கங்கைகொண்ட சோழபுரத்தைக் காணச் செல்லும் மலேசியத் தமிழர் குழுக்கள் அதே பயணத்தில் வாரணவாசியையும் சாத்தனூரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கல்லமேட்டுப் பல் நமக்குக் கூறுவது இதுவே: தொன்மாக்களின் இறுதிக் காலத்தில், பறவைகளின் நெருங்கிய உறவினம் ஒன்று தமிழ்நிலத்து ஆற்றங்கரையில் வாழ்ந்தது. அதற்கு மேல் அப்பல் கூறவில்லை. அடுத்த சான்று கிடைக்கும்வரை அவ்வளவோடு நிற்பதும், அச்சான்று கிடைப்பதற்குரிய மண்ணைக் காப்பதும் நம் கடமைகளாகும்.